ஆடு வாசலில், ரோமம் மலையில்

செய்யூரில் உட்கார்ந்துகொண்டு கம்பளி நூல் நூற்கிறேன், அதில் குல்லாயும் ஸ்வெட்டரும் பின்னுகிறேன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் சிரிப்பார். சிரித்து முடித்ததும், "இந்த ஊர் வேக்காட்டுக்கு ஸ்வெட்டர் எதுக்குங்க?" என்பார். நியாயமான கேள்விதான். மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மத்தியானம் உப்பளத்துப் பக்கம் நடந்தால் அது மார்கழியா மாசியா என்றே தெரியாது.

ஆனால் இப்படிக் கேட்பவர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மங்கி குல்லாய் ஒன்று கட்டாயம் இருக்கும். நம் ஆட்களுக்குக் குளிரைவிடப் பனிமேல்தான் பயம் அதிகம். "பனி காதுல இறங்கிடும்" என்று சொல்லாத தாத்தா தமிழ்நாட்டில் உண்டா? மார்கழியில் விடியற்காலைப் பூஜைக்குக் கந்தசாமி கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் மஃப்ளர் சுற்றாத ஆண் தலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாலரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வரை பைக்கில் போய் வந்தவரைக் கேளுங்கள், கடல் காற்று காதுக்குள் என்ன செய்யும் என்று. ஆக, கம்பளிக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. உடம்பு முழுக்க வேண்டாம். காதுக்கும் கழுத்துக்கும், பிறந்த குழந்தையின் உச்சிக்கும் பாதத்துக்கும் போதும்.

வேலை இருக்கிறது, சரி. கம்பளி எங்கே?

மதுராந்தகத்திலோ செங்கல்பட்டிலோ ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால் உல்லன் நூல் பந்து பந்தாக எடுத்துப் போடுவார்கள். எண்பதுகளில் வாசல் தோரணமும் டெலிபோன் உறையும் டிவி மேல் உட்காரும் நாய்க்குட்டியும் பின்னினோமே, அதே நூல். அதில் ஒரு சாண் வெட்டி, தட்டில் வைத்து, நுனியில் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுருண்டு உருகி, கருப்பு மணியாக உறைந்துவிடும். ஆறியபிறகு நகத்தால் அழுத்தினாலும் நசுங்காது. அது அக்ரிலிக், பெட்ரோலியத்திலிருந்து வந்த இழை. நிஜமான ஆட்டுக் கம்பளி அப்படி எரியாது. தயங்கித் தயங்கிப் பொசுங்கும், தலைமுடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கியதும் தானே அணைந்துவிடும், மிச்சத்தை விரலால் தேய்த்தால் பொடியாகும். நம் பக்கத்துக் கடைகளில் நான் வாங்கியவற்றில் பெரும்பாலும் மணிதான் வந்தது.

அக்ரிலிக்கைக் குறை சொல்லவில்லை. மலிவு, மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. குரோஷா ஊசியை எடுத்தால் நம் பெண்கள் எதையும் சாதிப்பார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். உலகத்திலேயே பெரிய போர்வை, போர்வையே தேவைப்படாத ஊரில்! எனக்கு அந்தச் செய்தி அவ்வளவு பிடித்துப்போனது. ஆனால் அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, குழந்தை தலையில் போட்டால் சீக்கிரம் நசநசக்கும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. புழுக்கமான கடலோரத்தில் இது சின்ன விஷயமில்லை.

இத்தனைக்கும் எங்கள் தெருவழியே தினமும் செம்மறி மந்தை ஒன்று போகிறது. செம்மண் நிறத்தில், சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டோடு. அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். மந்தையை ஓட்டி வரும் பெரியவரை நிறுத்தி ஒருநாள் கேட்டேன்.

"ஏன் தாத்தா, இதுக்கெல்லாம் முடி வெட்றதே இல்லையா?"

"எதும்மா வெட்றது? நாய் மயிரு மாதிரிதான் கீது. கறிக்குப் போவும், தோலுக்குப் போவும், புழுக்க வயலுக்குப் போவும். மயிரு இன்னாத்துக்கு ஆவும்?"

அவர் சொன்னது அறிவியல்படி அப்படியே சரி. இது 'சென்னைச் சிவப்பு' இனம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள்தான் இதன் சொந்த மண். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையம் இந்த இனத்தை மேம்படுத்தும் திட்டத்தை எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே நடத்துகிறது. இதன் உடம்பில் இருப்பது நேரான, குட்டையான, விறைப்பான முடி. நூற்பதற்கு வேண்டிய சுருளும் நீளமும் அதில் இல்லை. ஆதியில் காட்டுச் செம்மறிக்கு மேலே விறைப்பு முடி, அடியில் மெல்லிய ரோமம் என்று இரண்டு அடுக்கு. குளிர்நாட்டு மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து அடி ரோமத்தைப் பெருக்கினார்கள். இங்கே வெயிலில் மேயும் ஆட்டுக்கு ரோமம் பாரம். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் என்று சமவெளியின் பேர்பெற்ற இனங்கள் பலவும் இந்த ஜாதிதான்.

அதற்காகத் தமிழ்நாட்டில் கம்பளியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆட்டிலும் திருச்சி கருப்பிலும் முரட்டு ரோமம் உண்டு. குரும்பர்கள் அதை நூற்று நெய்த கருங்கம்பளிதான் இடையர்களின் தோளில் மடித்துக் கிடக்கும். மழையில் குடை, இரவில் பாய். அதை வெறும் உடம்பில் போர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உறுத்தி எடுத்துவிடும். தடிமனில் ஏறக்குறைய 30 மைக்ரானைத் தாண்டிய இழை தோலில் படும்போது வளையாமல் குத்தும், அதனால்தான் அந்த அரிப்பு. குழந்தைக் குல்லாய்க்கு ஆகாது.

மென்மையான ரோமத்துக்கு மலை ஏறத்தான் வேண்டும். நீலகிரி செம்மறி என்று ஓர் இனம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில், கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்கள் கலந்து உருவானது. இதன் ரோமம் சுமார் 27 மைக்ரான், உடுத்தும் அளவுக்கு மெல்லியது. ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் சாண்டிநல்லாவில் இருக்கும் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இதைப் பாதுகாத்து வருகிறது. தேயிலையும் காய்கறியும் கட்டடமும் மேய்ச்சல் நிலத்தைத் தின்றதில் வெளியே மந்தைகள் அருகிப்போய்விட்டன. இன்னொரு இடம் கொடைக்கானல் மலையில் மன்னவனூர். மத்திய அரசின் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1965-இல் அங்கே தென்மண்டல மையத்தைத் தொடங்கியது. 'பாரத் மெரினோ' ஆடு அங்கேதான் இருக்கிறது. ராஜஸ்தானத்து சோக்லா, நாலி ஆடுகளோடு மெரினோவும் ராம்பூயேவும் கலந்த இனம். பச்சைப் புல்வெளியில் வெள்ளைவெளேரென்று மேயும் அந்த ஆடுகளின் பின்னால் நின்று செல்ஃபி எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. இந்த ரோமத்தை நூலாக்கிப் போடலாமே என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

என் ஆதங்கமே இதுதான். மலையில் ரோமம் இருக்கிறது. சமவெளியில் நூற்கத் தெரிந்த கைகள் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

நூற்கத் தெரிந்த கைகள் என்று சும்மா சொல்லவில்லை. கீழடியில் நூல் நூற்கும் சுடுமண் தக்ளிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எங்கள் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது கடற்கரைக் காற்று வாங்கவா? இங்கே விளைந்த மெல்லிய பருத்தித் துணிக்காக. அத்தனை துணிக்கும் நூல், வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் நூற்றது. பின்னால் காந்தி காலத்தில் ராட்டை திரும்பி வந்தது. ஊரெங்கும் பேசப்பட்ட அம்பர் சர்க்கா என்ற ராட்டையை வடிவமைத்த ஏகாம்பரநாதன் தமிழ்நாட்டுக்காரர். ஆதாரக் கல்விப் பள்ளிகளில் தக்ளி ஒரு பாடம். என் அம்மா அந்த வகுப்பில் உட்கார்ந்தவள். இன்றைக்கும் பஞ்சைக் கையில் கொடுத்தால் பேசிக்கொண்டே நூற்கத் தோதாகப் பட்டை உருட்டுவாள். நூலைச் சிட்டக் கணக்கில்தான் சொல்வாள். ஒரு சிட்டம் என்றால் 1,000 மீட்டர்.

எனக்கு ரோமம் கிடைப்பது கோத்தகிரியில் இருக்கும் அத்தை பெண் தயவில். அவளுக்குத் தெரிந்த ஒருவர் கொஞ்சம் ஆடு வைத்திருக்கிறார். வெட்டிய ரோமத்தைச் சாக்கில் அடைத்து, யாராவது மெட்ராஸ் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புவாள். சாக்கைப் பிரித்ததும் வீடே ஆட்டுப்பட்டி வாசனை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க மொட்டை மாடியில்தான் இருப்பார்.

கழுவுவதுதான் இந்த வேலையில் பாதி. ஆட்டு ரோமத்தில் மண், வியர்வை உப்பு, லனோலின் என்கிற மெழுகு மூன்றும் ஏறிக் கிடக்கும். மெரினோ ரகமாக இருந்தால் கழுவி முடிக்கையில் எடை பாதியாகிவிடும். லனோலின் 40 டிகிரி வாக்கில்தான் இளகும், அதனால் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ உப்பு. சோப்பு போட்டால் நுரைக்காமல் திரிந்து, ரோமத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. இரவு ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டிய தண்ணீர் உப்புத் தண்ணீரிலும் திரியாமல் நுரைக்கும். ரோமத்தை அதில் அமுக்கிவிட்டு, நம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். துணி மாதிரி கும்மக் கூடாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பூட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. வெந்நீரில் துவைத்த ஸ்வெட்டர் பொம்மைக்கு ஆகிற அளவுக்குச் சுருங்குவது இதனால்தான். தண்ணீர் ஆறுவதற்குள் வெளியே எடுத்துவிடவும் வேண்டும். ஆறினால் இளகிய மெழுகு மறுபடி ரோமத்திலேயே படிந்துவிடும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

காயவைப்பது கயிற்றுக் கட்டிலில். மேலே கொசுவலை கட்டாயம். வெயிலுக்கோ தூசிக்கோ இல்லை, காக்காய்க்காக. கூடு கட்டும் காலத்தில் இவ்வளவு நல்ல மெத்தையை அவை விடுமா? ஒரு காக்காய் வாய் நிறையக் கவ்விக்கொண்டு தென்னை மரத்துக்குப் பறந்ததைப் பார்த்த பிறகுதான் வலை வந்தது.

காய்ந்த ரோமத்தை நாய்க்கு முடி வாரும் கம்பி பிரஷ் இரண்டை எதிரெதிரே பிடித்து வாருகிறேன். இதற்கென்று தனிக் கருவி இருக்கிறது, விலையைப் பார்த்ததும் பிரஷே போதும் என்று தோன்றிவிட்டது. வாரிய ரோமத்தை அம்மா பட்டை உருட்டித் தருவாள்.

நூற்பதற்கு அம்மாவின் பித்தளைத் தக்ளி சரிவரவில்லை. அது பருத்திக்குப் பிறந்தது. பருத்தி இழை ஓர் அங்குலத்துக்கு முன்னே பின்னே. முறுக்கு ஏராளமாக ஏறினால்தான் பிடித்து நிற்கும், அதனால் தக்ளி எடையில்லாமல் விறுவிறுவென்று சுழல வேண்டும். கம்பளி இழை அதைப்போல மூன்று மடங்கு நீளம் வரும், செதில்கள் வேறு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதற்குக் கனமாக, நிதானமாகச் சுழலும் கதிர் வேண்டும். மூங்கில் குச்சியும், வட்டமாக அறுத்துத் தேய்த்த கொட்டாங்கச்சிச் சில்லும் போதுமானதாக இருந்தது. இமாசலத்தில் 'கத்தி' (Gaddi) என்ற இடையர்கள் மந்தைக்குப் பின்னால் நடந்துகொண்டே இப்படித்தான் நூற்கிறார்கள்.

நூற்கும்போது கை எதைக் கற்றுக்கொள்கிறது என்று சொல்கிறேன். இடது கையில் பட்டை. வலது கை கதிரைச் சுண்டிவிட்டு, நூலுக்கு வந்து பிடித்துக்கொள்ளும். விரல் திறந்தால் முறுக்கு மேலே ஓடும். அது எல்லா இடத்திலும் சமமாக ஏறாது, மெலிந்த இடத்தை முதலில் தேடிப் போய் உட்காரும். பருத்த இடம் முறுக்கேறாமல் பொதபொதவென்று இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் லேசாக இழுத்தால், மெலிந்த இடம் அசையாது, பருத்தது மட்டும் நீண்டு மெலியும். அது மெலிந்ததும் முறுக்கு அங்கேயும் ஓடி வரும். நூல் தன்னைத்தானே சீர் செய்துகொள்வதை விரல் நுனியில் உணர்கிற அந்தத் தருணத்துக்குப் பிறகு இதை விட முடியாது. டிவி சீரியல் ஓடும், கண் அங்கே இருக்கும், கை பாட்டுக்கு நூற்கும்.

ஒற்றை இழை நூலைப் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும். அதனால் இரண்டு இழையைச் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்க வேண்டும். வலமாக நூற்றிருந்தால் இடமாக முறுக்கு. பிறகு வெந்நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் துள்ளல் அடங்கும்.

இனி பின்னல். "நிட்டிங் எல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது, கொடியில் காய்ந்த அவர் வீட்டுக்காரர் பனியனை எடுத்து விரித்துக் காட்டினேன். வெளிப்பக்கம் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன கூர்ப்பின்னல், உள்பக்கம் மேடு மேடான குறுக்குக் கோடு. இதுதான் நிட், இதுதான் பர்ல். திருப்பூரின் மொத்தச் சாம்ராஜ்யமும் இந்த ஒரு கண்ணியை இன்னொரு கண்ணிக்குள் நுழைப்பதில் நிற்கிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகம் செய்தார், ராணி முதலாம் எலிசபெத் காப்புரிமை தரவில்லை. கையால் பின்னுகிறவர்கள் பிழைப்பு போய்விடும் என்ற கவலை அப்போதே. அந்தச் சட்டகத்தின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்குத் திருப்பூரில் ஓடுகின்றன. நெய்த துணி இழுத்தால் விறைக்கும், பின்னிய துணி கொடுத்து வாங்கும். குழந்தை தலை மாதம் ஒரு அளவு வளர்ந்தாலும் குல்லாய் இடம் விடுவது அதனால்தான்.

குழந்தைக் குல்லாய்க்கு 40 கிராம் நூல் தாராளம். கையால் நூற்பவர்கள் இங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். பெரியவர்கள் ஸ்வெட்டர் என்றால் கதை வேறு. அரைக் கிலோ வரை ரோமம், 1,000 மீட்டருக்கு மேல் நூல். இரண்டு இழை முறுக்கு என்பதால் அம்மா கணக்கில் இரண்டு சிட்டத்துக்கு மேல் நூற்க வேண்டும். கூலி போட்டுப் பார்த்தால் அந்த ஸ்வெட்டரை யாரும் வாங்க முடியாது, நான் உட்பட. "இதை வியாபாரமா பண்ணலாமே" என்று ஆலோசனை சொல்பவர்களுக்கு இந்த வரியைத்தான் காட்டுவேன். லூதியானா ஸ்வெட்டரோடு போட்டி போட நான் உட்காரவில்லை.

சாயத்துக்கு மட்டும் எங்கள் ஊர் கொடுத்து வைத்தது. கம்பளி சாயத்தைப் பருத்தியைவிடச் சுலபமாகப் பிடிக்கும். திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிராகிறது, நீலத்துக்கு அது. கடலோர மணலில் முளைக்கும் இம்பூறலின் வேர்தான் ஒருகாலத்தில் சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளை உலகத்துக்கு அனுப்பிய சாயவேர். படிகாரத்தில் ஊறிய நூலை அதில் போட்டால் சிவப்பேறும். இதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்.

வைத்துக் காப்பதுதான் கடலோரத்தில் பெரும்பாடு. புழுக்கமும் இருட்டும் சேர்ந்தால் பூச்சி வரும். பட்டுப்புடவைக்கு வைக்கிற வசம்பு கம்பளிக்கும் ஆகும், வேப்பிலைச் சருகும் போடலாம். பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள், பருத்திப் பையே நல்லது. எடுத்து உதறி, காற்றாட வைப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

யாருக்காவது கை அரித்தால் ராட்டை வாங்க ஓடாதீர்கள், ஒரு குச்சியும் சில்லும் போதும். பருத்தியில் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டாம், அது பிடிபடுவதற்குள் வெறுத்துவிடும். கம்பளி பொறுமைசாலி, அறுந்தாலும் நுனியோடு நுனி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். முதல் நூல் முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். தூக்கிப் போடாமல் சதுரமாக, தடியாகப் பின்னி, வெந்நீரில் போட்டு இந்தத் தடவை மட்டும் நன்றாகக் கும்முங்கள். இறுகிச் சுருங்கிவிடும். அடுப்பிலிருந்து சட்டி இறக்க அதைவிட நல்ல பிடிதுணி கிடையாது, சீக்கிரத்தில் தீப்பிடிக்கவும் செய்யாது.